கணிப்பில் இல்லாத வாக்காளர், கணக்கில் இல்லாத வரி செலுத்துநர்

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளும் ஒரே நாளில் வாக்களித்து முடித்தன. நாமக்கல் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியின் பகுதியான கொல்லிமலையிலும் அன்றே வாக்குப்பதிவு நிறைவடைந்தது. அத்தேர்தலின் மிகப் பெரிய வரி விவாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பான்ஸ்வாராவில் பேசிய பிரதமர், காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தால் பெண்களின் நகைகள் வரை கணக்கெடுத்துப் பிறருக்குப் பகிர்ந்துவிடும் என்று குற்றஞ்சாட்டினார். ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவில் உள்ள வாரிசுரிமை வரியைப் பற்றிச் சாம் பிட்ரோடா கூறிய கருத்து வெளியானது. அன்றே சத்தீஸ்கரின் சர்குஜாவில், இறந்த பிறகும் காங்கிரஸ் உங்கள் சொத்தைப் பறிக்கும் என்ற பொருளில் பிரதமர் உரையாற்றினார். அது பிட்ரோடாவின் சொந்தக் கருத்து என்று கூறிக் காங்கிரஸ் விலகிக்கொண்டது.

இங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பான்ஸ்வாராவும் சர்குஜாவும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள். வாரிசுரிமை வரி எந்த வடிவத்தில் வந்தாலும், அதைச் செலுத்த நேரும் குடும்பங்களை இத்தொகுதிகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அவ்வரியைப் பற்றிய அச்சம் அங்கிருந்தே நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. பான்ஸ்வாராவில் பாரத் ஆதிவாசி கட்சியின் ராஜ்குமார் ரோத் வென்றார், சர்குஜாவில் பா.ஜ.க. வென்றது.

தேர்தல் காலத்தில் இருவகை எண்கள் நம்மை ஆள்கின்றன. ஒன்று கருத்துக்கணிப்பின் எண். மற்றொன்று வரியின் எண். யாரைக் கேட்டார்கள் என்பதை முதலாவதும், யார் செலுத்துகிறார்கள் என்பதை இரண்டாவதும் மறைத்துவிடுகின்றன. மறைக்கப்படுவோர் இரண்டிலும் பெரும்பாலும் ஒரே மக்கள்தாம். இதைக் கொல்லிமலையை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

பதினொரு பேர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களுள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மலையாளிப் பழங்குடியினர். கொல்லிமலையின் பெரும்பான்மை மக்கள் இவர்களே. மாநிலத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கான தனித்தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே.

தமிழ்நாடு முழுவதும் 1,000 பேரிடம் முறையாகக் கருத்துக் கேட்கும் ஒரு கணிப்பைக் கற்பனை செய்வோம். மக்கள்தொகை விகிதப்படி அதில் பழங்குடியினர் 11 பேர் இருப்பர். மலையாளிகள் ஏறத்தாழ ஐவர். 1,000 பேரின் விடையில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 விழுக்காட்டுப் புள்ளிகள். அந்த 11 பேரின் விடையைத் தனியே பிரித்தால் பிழை வரம்பு ஏறத்தாழ 30 புள்ளிகளாக விரிந்துவிடும். பாதிப் பேர் ஒரு கட்சியை ஆதரிப்பதாக அது சொன்னால், உண்மையில் ஐவரில் ஒருவர் ஆதரிக்கலாம், ஐவரில் நால்வரும் ஆதரிக்கலாம். அதாவது, அந்த எண் எதையுமே சொல்லவில்லை.

பட்டியல் சாதியினர் மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு. அதே கணிப்பில் 200 பேர் வருவர். பிழை வரம்பு 7 புள்ளிகள். பறையர், பள்ளர், அருந்ததியர் எனப் பிரித்துப் பார்க்க முயன்றால் அதுவும் சிதறிவிடும். 'தலித் வாக்கு' என்ற ஒற்றைச் சொல்லைத் தொலைக்காட்சி விவாதங்கள் விடாமல் பற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பிரித்தறியும் அளவுக்கு அவர்கள் கேட்கவேயில்லை.

எண்ணிக்கையோடு சிக்கல் முடிவதில்லை. தொலைபேசிவழிக் கணிப்பு, பகலில் அழைப்பை ஏற்கக் கூடியவரையே எட்டுகிறது. கைபேசிச் சமிக்ஞை சீராகக் கிடைக்காத மலைக் குடியிருப்பும், காலை முதல் மாலை வரை காட்டில் வேலை செய்யும் கூலித் தொழிலாளரும் எளிதில் விடுபடுகின்றனர். நேரில் சென்று கேட்டாலும், ஊரின் ஆதிக்க சாதியினர் சூழ்ந்து நிற்கும் இடத்தில் ஒரு தலித் வாக்காளர் தம் விருப்பத்தை உரக்கச் சொல்வார் என எதிர்பார்க்க முடியாது. நமது வாக்கு இரகசிய வாக்காக இருப்பதன் தேவையை நன்கறிந்தவர்கள் நாம்.

2024 ஜூன் 1 மாலை வெளியான வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கும் மேற்பட்ட இடங்களைக் கொடுத்தன; ஆக்சிஸ் மை இந்தியா 361 முதல் 401 வரை கொடுத்தது. ஜூன் 4 அன்று கிடைத்தவை 293. உத்தரப்பிரதேசத்தில் 60க்கும் மேல் கணிக்கப்பட்ட பா.ஜ.க. 33 இடங்களில் நின்றது. '400 இடங்கள் கிடைத்தால் அரசியல் சாசனத்தை மாற்றுவார்கள்' என்ற கவலை தலித் மக்களிடையே பரவியிருந்ததையும், அவர்களுள் ஒரு பகுதியினர் எதிரணிக்கு நகர்ந்ததையும் கணிப்பாளர்கள் போதிய அளவு காணவில்லை. அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் பொதுத்தொகுதியில் தலித் வேட்பாளரான அவதேஷ் பிரசாத் வென்றதே இதற்குச் சான்று.

கணிப்பாளர்களுக்கு இன்னோர் இடரும் உண்டு. 2019இல் பா.ஜ.க.வின் வாக்கு 37.36 விழுக்காடு, 2024இல் 36.56. குறைந்தது ஒரு விழுக்காடுகூட இல்லை. ஆனால் இடங்கள் 303இலிருந்து 240ஆகச் சரிந்தன. அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் நம் தேர்தல் முறையில், வாக்கு விழுக்காட்டைச் சரியாகக் கணித்தவர்கூட இடங்களைத் தவறாகக் கணிக்கலாம். வாக்குகள் எந்த ஊரில், எந்தச் சமூகத்தில் நகர்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

செலுத்தாத வரிக்கு அச்சம்

வாரிசுரிமை வரி இந்தியாவுக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டின் எஸ்டேட் வரிச் சட்டம் இறந்தவரின் சொத்தின்மீது வரி விதித்தது. உச்ச விகிதம் ஒரு காலத்தில் 85 விழுக்காடு வரை இருந்தது. வசூல் மிகக் குறைவு என்று கூறி, 1985இல் ராஜீவ் காந்தி அரசில் நிதியமைச்சராக இருந்த வி.பி.சிங் அதை நீக்கினார். 1957 முதல் இருந்த செல்வ வரியை 2015 நிதிநிலை அறிக்கையில் அருண் ஜேட்லி நீக்கினார். 2019 செப்டம்பரில், சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கான அடிப்படை வரி 30இலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. செல்வத்தின்மீதான வரி சுருங்கியதில் இரு பெருங்கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

பிட்ரோடா மேற்கோள் காட்டிய அமெரிக்காவில்கூட, 2024இல் ஒருவர் விட்டுச்சென்ற சொத்து 1.36 கோடி டாலரைத் தாண்டினால்தான் கூட்டரசின் எஸ்டேட் வரி. உச்ச விகிதம் 40 விழுக்காடு. தாமா பிக்கெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2024 மே மாதம் இந்தியாவுக்கென முன்வைத்த திட்டம், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செல்வம் உடையோருக்கு மட்டுமே வரி விதிக்கச் சொன்னது. வயதுவந்தோரில் 99.96 விழுக்காட்டினரை அது தொடாது. இந்தியப் பெருங்கோடீசுவரர்களின் மொத்தச் செல்வத்தில் 88.4 விழுக்காடு உயர்சாதியினரிடம் இருப்பதாகவும், பழங்குடியினர் ஒருவர்கூட அப்பட்டியலில் இல்லை என்றும் அதே ஆய்வு கூறியது. ஆகவே இவ்வரியைப் பற்றிய விவாதம் சாதியைப் பற்றிய விவாதமாகவும் இருந்திருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை.

கணிப்பும் வரியும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான். 'இறந்த பிறகு உங்கள் சொத்தில் பாதியை அரசு எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டால் ஒரு விடை கிடைக்கும். '10 கோடிக்கு மேல் வாரிசுச் சொத்துப் பெறுவோரிடம் வரி வாங்கி அரசுப் பள்ளிகளுக்குச் செலவிடலாமா?' என்று கேட்டால் வேறு விடை கிடைக்கும். இரண்டும் ஒரே வரியைப் பற்றிய கேள்விகள். கேள்வியின் வாசகத்தை வெளியிடாமல் விழுக்காட்டை மட்டும் வெளியிடுபவர் நம்மிடம் பாதிச் செய்தியை மறைக்கிறார்.

யார் வரி செலுத்துநர்?

'வரி செலுத்துவோரின் பணத்தில் இலவசமா?' என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. அதில் 'வரி செலுத்துவோர்' என்பது வருமான வரி கட்டும் மாதச் சம்பளக்காரரை மட்டுமே குறிக்கிறது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையின்படி ஒன்றிய அரசின் வரவில் ஒரு ரூபாய்க்கு வருமான வரியின் பங்கு 19 காசு. ஜிஎஸ்டியின் பங்கு 18 காசு. நிறுவன வரியின் பங்கு 17 காசு. கலால் வரி 5 காசு. மாநிலங்களுக்குப் போகும் ஜிஎஸ்டி இதில் சேரவில்லை. மறைமுக வரி செலுத்தாத இந்தியர் எவரும் இலர்.

கொல்லிமலை விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருடைய மிளகு, பலா, அன்னாசி, மரவள்ளி ஆகியவற்றின் வருமானம் வேளாண் வருமானம். அதற்கு வருமான வரி இல்லை. விவசாயி நேரடியாக விற்கும் மிளகு, பச்சையாயினும் காய்ந்ததாயினும், ஜிஎஸ்டிக்கு உட்படாது என்று 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி மன்றம் தெளிவுபடுத்தியது. இதுவரை சலுகை போலத் தோன்றும். ஆனால் அவர் வாங்கும் உரத்துக்கு 5 விழுக்காடு, இரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு 18 விழுக்காடு வரி உண்டு. ஒரு வணிகர், தாம் செலுத்திய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெறுகிறார். விற்பனையில் வரி இல்லாத விவசாயிக்கு அவ்வாறு கழித்துக்கொள்ள வழி இல்லை. வரி முழுவதும் அவர் தலையிலேயே நிற்கிறது.

டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. அதன்மேல் ஒன்றியக் கலால் வரியும் மாநில மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் அந்த வரி கலந்திருக்கிறது. மதுவிலிருந்து தமிழ்நாடு அரசு 2023-24இல் பெற்ற வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் கூலித் தொழிலாளரின் பங்கு எவ்வளவு என்பதை யாரும் பிரித்துக் கணக்கிட்டு வெளியிடுவதில்லை.

பழங்குடியினருக்கு வருமான வரியே இல்லை என்ற தவறான எண்ணமும் நிலவுகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(26) பிரிவு தந்த விலக்கு, வடகிழக்கின் குறிப்பிட்ட மாநிலங்களிலும் ஆறாவது அட்டவணைப் பகுதிகளிலும் லடாக்கிலும் வாழும் பழங்குடியினருக்கு மட்டுமே. கொல்லிமலையிலிருந்து படித்து அரசுப் பணியில் சேரும் ஒரு மலையாளிப் பெண் மற்றெவரையும் போலவே வருமான வரி செலுத்துகிறார்.

12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பு 2025 பிப்ரவரி 1 அன்று வந்தது. டெல்லி வாக்குப்பதிவு பிப்ரவரி 5. ஜிஎஸ்டி அடுக்குகள் குறைக்கப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 22இல்தான். ஏழைகளின் செலவில் நேரடியாகப் படியும் வரி, நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே பெரிய அளவில் திருத்தம் கண்டது.

இலங்கையிலும் இதே வரிசைதான். அங்கு 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 விழுக்காடாக உயர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நடுத்தர வர்க்கத்தின் சம்பள வரி உரக்கப் பேசப்பட்டது. நாட்கூலியை 1,700 ரூபாயாக உயர்த்தக் கோரிப் போராடிய மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், வாங்கும் பொருளில் செலுத்தும் வரிக்கு அவ்வளவு உரத்த குரல் கிடைக்கவில்லை.

சட்டம் எதுவரை?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு, வாக்குப்பதிவு தொடங்கியது முதல் இறுதிக் கட்டம் முடியும்வரை வாக்குக்குப் பிந்தைய கணிப்புகளை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஈராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளை ஒளிபரப்ப 126ஆம் பிரிவு தடை செய்கிறது. இவ்விரண்டும் எப்போது வெளியிடலாம் என்பதைப் பற்றியவை. எப்படிக் கேட்டீர்கள், யாரைக் கேட்டீர்கள், பணம் யார் கொடுத்தார் என்பவற்றை வெளியிடுமாறு அவை கட்டாயப்படுத்தவில்லை. கணிப்பு முறைகளை மக்கள் மதிப்பிட வாய்ப்பளிக்கும் ஒழுங்குமுறை தேவை என்று சட்ட ஆணையம் தனது 255ஆம் அறிக்கையில் 2015இலேயே பரிந்துரைத்தது.

செலவுப் பக்கத்தில் நமக்கு ஒரு கருவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கி, அந்நிதியை அம்மக்களுக்கே செலவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் கல்லூரி மாணவரும் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

அடுத்து ஒரு கருத்துக்கணிப்பு உங்கள் திரையில் வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மாதிரியில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? கேள்வியின் முழு வாசகம் என்ன? எந்த மொழியில், யார் முன்னிலையில் கேட்டார்கள்? செலவை ஏற்றது யார்? அடுத்து ஒரு வரி வாக்குறுதி வரும்போது மூன்று கேள்விகள் போதும். இதனால் யாருடைய வரி குறைகிறது? குறையும் தொகையை யார் ஈடுசெய்வார்? எந்தச் செலவு வெட்டப்படும்?

அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு செம்மேட்டில் வாழும் வாக்காளருக்கும் சென்னையில் வாழும் வாக்காளருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கைத் தந்திருக்கிறது. கடையில் ஒரே சோப்புக்கு இருவரும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர். கணிப்பிலும் வரி விவாதத்திலும் அதே சம மதிப்பைக் கோருவது நம் உரிமை. அதற்கான கேள்விகளை ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரிடமும் வாக்குப்பதிவுக்கு முன்பே கேட்டாக வேண்டும்.