தட்டானா, ஊசித்தட்டானா?

தட்டான் தாழப் பறந்தால் மழை வருமென்று முற்றத்தில் நின்று சொல்லிக்கொண்ட நாட்களை நம்மில் பலர் மறந்திரோம். அந்தத் தட்டான் இறகுகளை விரித்தபடியே அமரும். குளக்கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும் ஊசித்தட்டானோ பெரும்பாலும் அவற்றை முதுகின்மேல் மடித்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டை நமக்கு எவரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை, கண்டு அறிந்தோம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு தும்பியின் பெயரைக் கண்டு, அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது இவ்வறிவு நமக்குப் போதவில்லை. ஏனெனில் எபியோபிளீபியா லெய்ட்லாவி என்னும் அத்தும்பி இவ்விரு வகையிலும் அடங்காதது.

அதன் இருப்பிடம் இமயமலைச் சாரல். கொல்கத்தாவில் வாழும் நம் நேயர்கள் கோடையில் டார்ஜிலிங் மலை ரயிலில் செல்லும்போது, கூம் நிலையத்துக்கு முன்னால் சோனாதா என்னும் ஊரைக் கடந்திருப்பார்கள். 1918-இல் அவ்வூரை அடுத்த பகுதியில் ஸ்டான்லி கெம்ப் என்னும் விலங்கியலார் நீரில் வாழும் அதன் இளம்பருவப் பூச்சியைக் கண்டெடுத்தார். 1921-இல் டில்யார்டு என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து பெயரிட்டார். சிறகு முளைத்த தும்பியின் வருணனை வெளிவரவோ 1960-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. பிள்ளையைக் கண்டோம், தாயைக் கண்டிலோம் என்பதுபோல் நாற்பது ஆண்டுகள் கழிந்தன! இதன் நெருங்கிய உறவினம் ஜப்பானில் வாழ்கிறது.

இதனை அடையாளம் காண்பது எவ்வாறு? முதலில் உடலை நோக்குக. அது தட்டானுடையதைப்போல் பருத்தது. கருநிறத்தில் மஞ்சள் பட்டைகள் கொண்டது. மார்பில் மெல்லிய உரோமம் அடர்ந்தது. அடுத்து இறகுகளை நோக்குக. முன்னிறகும் பின்னிறகும் ஏறக்குறைய ஒரே வடிவின. அடியில் காம்புபோல் குறுகியவை. ஓய்வின்போது முதுகின்மேல் மடிபவை. இவை ஊசித்தட்டானின் இயல்புகள். ஆக, தட்டானின் உடலில் ஊசித்தட்டானின் இறகைப் பொருத்தியதுபோன்ற தோற்றம்.

அதே மலையோடைகளில் கருப்பும் மஞ்சளுமான வேறொரு பெரிய தட்டானும் திரிவதால், நிறத்தை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். பெரிய தட்டானின் கண்கள் உச்சியில் ஒன்றையொன்று தொடும்; நாம் தேடும் தும்பியின் கண்கள் விலகி நிற்கும். பெரியது இறகை விரித்தே அமரும். கண்ணையும் இறகையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். இதன் இளம்பூச்சி குளிர்ந்த ஓடைகளில் கற்களைப் பற்றிக்கொண்டு, ஐந்தாறு ஆண்டுகளோ அதற்கும் மேலோ வளர்கிறது. பறக்கும் வாழ்வோ இளவேனிலை ஒட்டிய குறுகிய காலமே. ஓடையில் ஒரு முறை நஞ்சு கலந்தாலும், கற்களைப் பெயர்த்துவிட்டாலும், ஓராண்டின் குஞ்சுகள் மட்டும் அழிவதில்லை. பல ஆண்டுகளின் தலைமுறைகள் ஒருங்கே அழிகின்றன. இன்ன ஓடையில் இது வாழ்கிறது என்று அறிந்தால்தானே அந்த ஓடையைக் காக்க இயலும்?

ஆதலின், மலைக்குச் செல்லும் நேயர்கள் இதனைக் காண நேர்ந்தால் பிடிக்க வேண்டா. இடத்தையும் நாளையும் குறித்து, இயலுமாயின் படமெடுத்து, கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குத் தெரிவிக்கலாம். தமிழில் இதற்கென ஒரு பெயர் நிலைபெறும்வரை, 'இமயத்துப் பழந்தும்பி' என்று நாம் அழைத்து வருவோம்.