ரெண்டே பர்லாங்கு!

மெட்ரிக் அளவுச் சட்டம் 1956-லேயே வந்தாச்சு. ஆனாலும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் பெரிசுகளிடம் வழி கேட்டுப் பாருங்கள்... ‘ரெண்டு பர்லாங்கு போங்க தம்பி’ என்பார்கள்.

வார்த்தைதான் இங்கிலீஷ், பிறந்த இடம் வயக்காடு, ஸார்! பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘உழவுச்சால் நீளம்’ என்று அர்த்தம். வயலில் ஏர் ஓட்டும் ஒரு சாலின் நீளம், பிற்பாடு 220 கெஜம் என்று நிலைத்துவிட்டது. மீட்டர் கணக்கில் சுமார் 201. எட்டு பர்லாங் ஒரு மைல்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னும் சுலபம். பிட்ச் 22 கெஜம். பத்து பிட்ச்சை வரிசையாகப் போட்டால் ஒரு பர்லாங். ஒரு பர்லாங் நீளம், ஒரு பிட்ச் அகலம்... அதுதான் ஏக்கர்! அதில் நூறில் ஒரு பங்குதான் நாம் லோன் போட்டு வாங்கும் சென்ட்.

லோன் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் மனை காட்டிய புரோக்கர், ‘மெயின் ரோட்லேர்ந்து ரெண்டே பர்லாங்கு’ என்றார். சாதாரண நடையில் ஒரு பர்லாங்குக்கு இரண்டரை நிமிஷம். ஆக, ஐந்து நிமிஷம் போதும். வாட்சைப் பார்த்தபடி கூடவே நடந்தேன். இருபது நிமிஷம் ஆச்சு! ரெண்டு பர்லாங் என்று கிளம்பி, முழு மைலே வந்துவிட்டது.

“என்னண்ணே இது?” என்றேன்.

“தார் ரோடு போட்டா கிட்ட வந்துரும் தம்பி!”

அட்வான்ஸ் பணம் பத்திரமாக என்னோடு வீடு திரும்பியது.

மனை பார்க்கப் போகிறவர்கள் பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். பர்லாங் பொய் சொல்லாது. சொல்கிற வாய்தான் சொல்லும்!