பழைய கணினி எங்கே காத்திருக்கிறது?

2014 வாக்கில் வாங்கிய மேசைக் கணினிகள் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜெராக்ஸ் கடைகளில், டிடிபி நிலையங்களில், வேலைக்குப் போய்விட்ட பிள்ளை வீட்டில் விட்டுப்போன மேசைகளில். பெரும்பாலும் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், ஹெச்81 சிப்செட் மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ" என்று கொண்டுபோனால், புதுசாக வாங்கிவிடுங்கள் என்பதே பல கடைகளில் கிடைக்கும் பதில். அதை ஏற்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று செய்துபார்க்கலாம்.

கணினி திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10 ஓடும் இத்தகைய கணினிகளில் அடிக்கடி தெரியும் காட்சி: சிபியு 15, 20 சதவீதத்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். பிராசசருக்குத் தெம்பு இருக்கிறது. வேலைக்கு வேண்டிய தரவுதான் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை? ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. கேட்ட தரவு தலைக்கு நேரே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன், தலையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிநொடி. மொத்தம் ஏறத்தாழ 13. ஆகவே, நொடிக்கு 75, 80 இடங்களுக்கு மேல் அதனால் தாவ முடியாது. ஒரு திரைப்படக் கோப்பைப் படியெடுக்கும்போது தரவு வரிசையாக இருப்பதால் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தருகிற அதே டிஸ்க், அங்கங்கே சிதறிய 4 கேபி துண்டுகளைக் கேட்டால் நொடிக்கு 300 கேபி அளவுக்குச் சரிந்துவிடும். விண்டோஸ் எழும்போது கேட்பது இப்படிச் சிதறிய சிறு கோப்புகளைத்தான், ஆயிரக்கணக்கில்.

இந்தத் தடையின் வரலாறு வியப்பூட்டுவது. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்பகமே உலகின் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒரு தரவைத் தேடி எடுக்க சராசரியாக 600 மில்லிநொடி. நம் மேசையடியில் இருக்கும் 500 ஜிபி டிஸ்க் அதைவிட ஒரு லட்சம் மடங்கு கொள்கிறது. தேடும் வேகமோ ஐம்பது மடங்குகூட உயரவில்லை. உலோகக் கை நகர வேண்டும், தட்டு சுழல வேண்டும் என்கிற வரை அதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்வதற்கில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த எஸ்எஸ்டி இந்தத் தடையைத்தான் உடைத்தது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. மின்காப்புப் படலத்துக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடித்து வைப்பதுதான் சேமிப்பு, எதுவும் நகர்வதில்லை. தேடும் நேரம் 0.1 மில்லிநொடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு பொருளுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் அதை எஸ்எஸ்டிக்கே கொடுக்கலாம். 256 ஜிபி போதும். விண்டோஸை அதில் நிறுவினால் போதும், பழைய டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். புகைப்படங்களும் வீடியோக்களும் அதிலேயே இருக்கட்டும். வேலையைத் தொடங்குமுன் முக்கியமானவற்றை வேறொரு இடத்தில் படியெடுத்து வைப்பது மட்டும் கட்டாயம்.

"என் போர்டு பழசு, எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காதே" என்று தயங்க வேண்டியதில்லை. ஹெச்81 போர்டில் 6 ஜிபிபிஎஸ் வேகமுள்ள சாட்டா இணைப்புகள் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றில் செருகினால் போதும். அதைவிடப் பழைய போர்டில் 3 ஜிபிபிஎஸ் இணைப்பு மட்டுமே இருந்தாலும், அன்றாட வேலையில் நாம் உணரும் சுறுசுறுப்பு தேடும் நேரம் குறைவதால் வருவது. அது அங்கும் கிடைக்கும். கேபினட்டில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டிக்கு இடம் இல்லையா? உள்ளே சுழலும் பாகம் இல்லாததால், இரட்டைப் பக்க டேப் போட்டு ஓர் ஓரத்தில் ஒட்டினாலும் நன்றாகவே ஓடும்.

அடுத்தது ரேம். அது நிரம்பிவிட்டால் விண்டோஸ் ஒரு பகுதியை டிஸ்க்குக்குத் தள்ளும். ரேமிலிருந்து தரவு வர 100 நானோநொடி அளவு. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வர அதைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். மேசை மேல் இருக்கும் தாளை எடுக்க ஒரு நொடி ஆகிறது என்றால், டிஸ்க்கில் இருப்பதற்கு ஒரு பகலும் ஓர் இரவும் காத்திருப்பது போன்றது. ஹெச்81 போர்டில் ரேம் செருக இரண்டு இடம் உண்டு. உச்ச வரம்பு 16 ஜிபி. காலியாக இருக்கும் இடத்தில் இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் கொள்ளளவு இரட்டிப்பதோடு, இரண்டு ரேம்களிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு பாயும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். டிடிஆர்4 ரேமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்3 போர்டில் அது உட்காராது. பலவந்தமாக அழுத்தினால் போர்டு போய்விடும். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில 8 ஜிபி டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடுபவை. சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானாலும் சரி, உள்ளூர்க் கடையானாலும் சரி, இன்டெல் போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எவ்வளவு ரேம் சேர்த்தாலும் 4 ஜிபிக்கு மேல் அது தொடாது. முகவரி எழுத 32 இரும இலக்கமே அதனிடம் இருப்பதால், ஏறத்தாழ 429 கோடி பைட்டோடு எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

மூடியைத் திறந்த கையோடு விசிறியின் தூசியைத் தட்டி, பிராசசர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம். வெப்பம் வரம்பைத் தாண்டினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினியில் தேதி அடிக்கடி பின்னோக்கிப் போகிறதா? மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரிந்து, பிரவுசர் பல பக்கங்களைத் திறக்க மறுக்கும். இன்டர்நெட் கோளாறு என்று அலைபவர்கள் பலர்.

மென்பொருள் பக்கம் நிலைமை இவ்வளவு எளிதல்ல. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடும் கோடிக்கணக்கான கணினிகளை ஓரங்கட்டும் முடிவு இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஐ.நா. பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அன்றைய மானிட்டரோடு சேர்த்து ஒரு மேசைக் கணினியைத் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 1,500 கிலோ தண்ணீரும் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டது. அந்தச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்ட பொருளைத்தான் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

பிரவுசர், கடிதம் எழுதுவது, வீடியோ பார்ப்பது போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. இலவசம், தமிழ்99 தட்டச்சும் செய்யலாம். தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் அந்நியமும் அல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. டாலியில் கணக்கு எழுதுபவர்கள், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர்கள் மட்டும் விண்டோஸை விட முடியாது. அவர்கள் எட்டாம் தலைமுறைப் பழைய கணினி ஒன்றைத் தேடுவதே நல்லது.

எதையும் வாங்குமுன் மதர்போர்டின் கெபாசிட்டர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். உருளைகளின் தலை தட்டையாக இருந்தால் சரி. உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டுக்கு ரேம் வாங்க வேண்டாம். டிடிஆர்3 ரேம் புதிய கணினி எதிலும் பயன்படாது. எஸ்எஸ்டியைத் தைரியமாக வாங்கலாம். போர்டு போனாலும், சாட்டா இணைப்புள்ள அடுத்த கணினியில் அதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.