கொடுத்த பின் கேட்டவர்கள்

ஒருவர் தாம் முன்னர் எழுதிய நூலை விலையின்றி ஊரெங்கும் வழங்கிவிட்டு, "இதன் இரண்டாம் பாகத்தை எழுத எண்ணியுள்ளேன், அதற்காகும் செலவை முன்கூட்டியே தந்துதவுங்கள்" என்று கேட்பாராயின், அவரைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? பிழைக்கத் தெரியாதவர் என்போர் சிலர். கைதேர்ந்த வியாபாரி என்போர் வேறு சிலர். 2024ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் இருவர் ஏறக்குறைய இதையே செய்தனர். அவர்கள் வழங்கியது நூலன்று, கணினி விளையாட்டு. கேட்ட பணம் அவர்களுக்குக் கிடைத்ததா, கிடைத்ததாயின் ஏன் கிடைத்தது என்பதை ஆராய்வது, எழுத்தையும் கலையையும் நேசிப்போர்க்குப் பயன் தருவதாகும்.

விளையாட்டு என்றதும் ஆசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிக்க வேண்டுவதில்லை. போல் ரைஷி, பிரெட் போர்ட் என்னும் இருவரும் தங்கள் 'டோய்ஸ் போர் பொப்' நிறுவனத்தின் சார்பில் உருவாக்கி, 1992ஆம் ஆண்டில் அக்கோலேட் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட 'ஸ்டார் கொன்ட்ரோல் 2', சுடுவதும் வீழ்த்துவதும் மட்டுமே கொண்ட விளையாட்டன்று. அதற்கு ஒரு கதை உண்டு. அக்கதைக்கு ஒரு கருத்தும் உண்டு.

அடிமைகள் ஆண்டைகளான கதை

தொலைவிலுள்ள ஓர் உலகிற் பிறந்து வளர்ந்த விண்கலத் தலைவன் ஒருவன், தன் முன்னோரின் பூமியை நாடி வருகிறான். வந்து பார்த்தால், பூமி முழுவதும் செந்நிறக் கவசமொன்றினுள் சிறைப்பட்டுக் கிடக்கின்றது. 'ஊர்-குவான்' என்னும் இனத்தார் போரில் வென்று மனித குலத்தை அடைத்துவைத்துள்ளனர். தலைவன் விண்மீன் விட்டு விண்மீன் சென்று, வெவ்வேறு இனத்தாருடன் உரையாடி, சிலரை நட்பாக்கி, சிலரிடம் ஏமாந்து, மெல்ல மெல்லப் படை திரட்ட வேண்டும். விளையாடுபவரே அத்தலைவர். அவர் சென்று காணக்கூடிய விண்மீன்கள் 500க்கும் மேற்பட்டவை. எதற்கும் அஞ்சி நடுங்கும் ஸ்பாத்தி இனத்தாரோடு உரையாடுகையில் நகைச்சுவை பெருகும். வேறிடங்களிலோ நெஞ்சு கனக்கும்.

இக்கதையின் உயிர்நிலை பகைவரின் வரலாற்றிலேதான் உள்ளது. ஊர்-குவான் இனத்தார் ஒரு காலத்தில் தாமே அடிமைகளாயிருந்தவர்கள். பிறர் மனத்தைத் தம் மனத்தால் ஆட்டிவைக்கும் ஓரினம் அவர்களை நெடுங்காலம் ஆண்டது. தாங்கொணா வலியை அனுபவிக்கும்போது அப்பிடி தளர்கின்றது எனக் கண்ட அவர்கள், தம்மைத் தாமே வதைத்துக்கொண்டு விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர்கள், இனி ஒருபோதும் அடிமையாவதில்லை என்று சூளுரைத்தனர். அச்சூளுரையே அவர்களைக் கொடியோராக்கியது. ஏனைய இனங்கள் யாவற்றையும் அடிமைப்படுத்தினால் தமக்கு ஆபத்தில்லை என்றது ஒரு பிரிவு. யாவற்றையும் அழித்துவிட்டாலன்றி ஆபத்து நீங்காது என்றது மற்றொரு பிரிவு. பட்ட துன்பம் ஒருவனை இரக்கமுள்ளவனாக்கும் என்பது எப்போதும் உண்மையன்று என்ற கசப்பான செய்தியை, இளைஞர் பொழுதுபோக்குக்கென வாங்கிய பொருளொன்று சொல்லிச் சென்றது.

பெயர் ஒருவருக்கு, பொருள் ஒருவருக்கு

இவ்விளையாட்டு உருவான விதம் எழுத்தாளர் வாழ்க்கையை அறிந்தோர்க்குப் புதிதாகத் தோன்றாது. குறித்த காலத்துள் வேலை முடியவில்லை. வெளியீட்டாளர் தர வேண்டிய பணத்துக்குத் தடை ஏற்பட்டது. இறுதி மாதங்களில் பிரெட் போர்ட் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே உடன் உழைத்தோரைத் தாங்கினார். இசைக்கெனப் பெருந்தொகை செலவிட வழியில்லை. ஆதலாற் போட்டியொன்றை அறிவித்து, பெயர் அறியாத இளைஞர்களிடமிருந்தும் இசைக்கோவைகளைப் பெற்றுச் சேர்த்தனர். அவ்விசை இன்றும் விரும்பிக் கேட்கப்படுகின்றது.

அக்காலத்தில் இவ்விளையாட்டுக்கு ஒரு பூட்டும் இருந்தது. பெட்டியினுள்ளே விண்மீன்களைக் குறிக்கும் காகிதப் படமொன்றை மடித்து வைத்திருந்தனர். கணினி கேட்கும் கேள்விக்கு அப்படத்தைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். விலைகொடுத்து வாங்காமற் படியெடுத்தவனிடம் படம் இராது, விளையாட்டும் தொடராது. களவைத் தடுக்க அன்று கையாளப்பட்ட உபாயம் அது.

பத்தாண்டுகள் கழிந்தன. வேறொரு பகைவன் வந்தான். அவன் பெயர் காலம். கணினிகள் மாறின. பழைய கணினிக்கென எழுதப்பட்டது புதியதில் இயங்க மறுத்தது. ஏட்டுச்சுவடியைச் செல்லரிப்பது போலக் கணினி ஆக்கத்தையும் ஒன்று அரிக்கின்றது: வாசிக்கும் கருவி அழிந்தால் வாசிக்கப்படும் பொருளும் அழிந்ததற்கு ஒப்பாகும். இதற்கிடையே 'ஸ்டார் கொன்ட்ரோல்' என்னும் வணிகப் பெயர் வெளியீட்டாளரின் உடைமையாய் இருந்தது. 1996இல் அப்பெயரில் வந்த மூன்றாம் விளையாட்டை ஆக்கியவர்கள் வேறொரு நிறுவனத்தார். ஆயினும் இரண்டாம் விளையாட்டின் கதைக்கும் ஆக்கத்துக்கும் உரிய பதிப்புரிமை ரைஷி, போர்ட் இருவரிடமுமே இருந்தது. பெயர் ஓரிடத்தில், பொருள் ஓரிடத்தில் என்னும் நிலை.

2002ஆம் ஆண்டில் அவர்கள் எடுத்த முடிவே இவ்வரலாற்றின் திருப்பம். 1994இல் '3டிஓ' என்னும் விளையாட்டுக் கருவிக்கென வெளியான வடிவத்தின் மூலநிரலை, அதாவது விளையாட்டை இயக்கும் கட்டளைத் தொகுதி முழுவதையும், பொதுமக்களுக்கென வெளியிட்டனர். யாரும் அதை எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், ஆனால் திருத்தியவர் தம் திருத்தத்தை வெளியிடும்போது அவ்வுரிமையைப் பிறர்க்கு மறுத்தலாகாது. ஓவியமும் இசையும் உரையாடலும் வியாபாரம் தவிர்ந்த பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டன. பழைய பெயரைச் சூட்ட உரிமை இல்லாமையால், 'ஊர்-குவான் மாஸ்டர்ஸ்' என்ற பெயரைத் தாங்கி அது உலாவந்தது.

அதன்பின் நிகழ்ந்தது போற்றத்தக்கது. கூலி பெறாத ஆர்வலர்கள் பல நாடுகளிலிருந்தும் கூடி, விண்டோஸ், லினக்ஸ், மெக் முதலிய கணினிகளில் அது இயங்கும்படி செய்தனர். பிழைகளைக் களைந்தனர், இசையைப் புதுக்கினர். கொடை ஏற்றவர்களே கொடையாளிகளுமாயினர். காலத்தின் வாயிலிருந்து ஓர் ஆக்கம் மீட்கப்பட்டது.

வழக்கும் தேனும்

பெயரின் வரலாறோ வேறு திசையிற் சென்றது. கை மாறிக் கை மாறி அற்றாரி நிறுவனத்தை அடைந்திருந்த அப்பெயரை, அந்நிறுவனம் முறிந்தபோது, 2013இல் ஸ்டார்டொக் என்னும் நிறுவனம் வாங்கியது. 2017இல் ரைஷியும் போர்டும் தங்கள் கதையைத் தொடரப்போவதாக அறிவித்ததும் பிணக்கு மூண்டு, நீதிமன்றம் வரை சென்றது. 2019இல் இரு தரப்பாரும் சமாதானமாயினர். தேனும் தேன்மதுவும் பரிமாறிக்கொள்வதென்பதும் அவ்விணக்கத்திலே பேசப்பட்ட செய்தியாகும். கசப்பான வழக்கொன்று இவ்வாறு இனிப்பில் முடிவது அரிது.

2020இல் அவ்விருவரும் தாம் தொடங்கிய பழைய நிறுவனத்தை விட்டு நீங்கினர். அது 2005 முதல் அக்டிவிஷன் என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாயிருந்தது. பின்னர் 'பிஸ்டல் ஷ்ரிம்ப்' என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாகத் தொடர்ச்சியை ஆக்க முனைந்தனர். 2024 பெப்ரவரியில், விளையாட்டுகள் விற்கப்படும் பெருஞ்சந்தையாகிய 'ஸ்டீம்' தளத்திலே, பழைய விளையாட்டைப் 'பிரீ ஸ்டார்ஸ்: ஊர்-குவான் மாஸ்டர்ஸ்' என்ற பெயருடன் விலையின்றி வைத்தனர். அடுத்து ஏப்ரலில், 'சில்ரன் ஒப் இன்பினிற்றி' என்னும் தொடர்ச்சிக்காகக் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாக மக்களிடம் நிதி கேட்டனர். இலக்கு ஒரு இலட்சம் டொலர். தொடங்கிய அன்றே அது நிறைவேறியது; முடிவில் கிடைத்ததோ அதனிலும் பல மடங்கு.

2009இல் அமெரிக்காவிலே தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டரின் முறை எளியது. ஆக்குவோர் ஓர் இலக்கையும் நாளையும் குறிப்பர். விரும்பியோர் தொகையை வாக்களிப்பர். இலக்கு எட்டப்படாவிடின் ஒருவரிடமும் பணம் அறவிடப்படாது. எட்டப்பட்டால், தளத்தார் நூற்றுக்கு ஐந்து வீதம் கழித்துக்கொள்வர். முறை புதிதாயினும் கருத்துப் பழையது. 'இலியட்' காவியத்தை ஆங்கிலத்திற் பெயர்த்த அலெக்சாந்தர் போப், ஆறு தொகுதிகளுக்கும் தொகுதிக்கு ஒரு கினி வீதம் தரும் கையொப்பக்காரரை முதலில் திரட்டினார். 1715 முதல் 1720 வரை அத்தொகுதிகள் வெளிவந்தன. ஆதரித்தோர் பெயர்கள் நூலிலே அச்சிடப்பட்டன.

ஆனால் போப்பைப் போலவே இன்று கேட்பவரும் கையிலே சரக்கின்றியே கேட்கின்றார். கிக்ஸ்டார்ட்டர் கடையன்று, பணம் தந்தவர் வாங்கியவரல்லர், நம்பியவர். பணம் பெற்ற பின் முடங்கிப்போன முயற்சிகளும், சொன்ன நாளுக்கு ஆண்டுகள் பிந்தி வந்த முயற்சிகளும் உண்டு. எனவே கேட்பவர்க்கு முதல் வேண்டுவது நம்பத்தக்க சான்று. பழைய விளையாட்டை விலையின்றி வைத்தமை அச்சான்றை ஒவ்வொருவர் கையிலும் சேர்த்தது. 1992இற்குப் பின் பிறந்தவர்கள் இதுகாறும் கேட்டறியாத கதையை முதலிலிருந்து அறிந்தனர். முதற்பாகம் தெரியாதவனுக்கு இரண்டாம் பாகத்திலே பற்று எங்ஙனம் உண்டாகும்? முன்பே விளையாடியவர்கள் பழைய நினைவுடன் திரும்பி வந்தனர்.

கொடையா, தூண்டிலா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பே. பின்னர் பணம் கேட்பதற்காக முன்னர் கொடுப்பது கொடையாகுமா? தூண்டிலிற் கோத்த புழுவை மீனுக்கு அளித்த விருந்து என்று யாரும் சொல்வதில்லை. இவ்வையத்துக்கு ஆண்டுகளே விடை கூறும். அவர்கள் கொடுத்தது 2002இல். கிக்ஸ்டார்ட்டர் தோன்றியது அதற்கு ஏழாண்டுகளின் பின். அவர்கள் கேட்டது 2024இல். இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்கும் தூண்டில் எங்கும் இல்லை. 2024 பெப்ரவரியிற் செய்தது, முன்பே கொடுத்த ஒன்றை மக்கள் இன்று கூடும் சந்தைக்கு எடுத்துச் சென்றமையே. அதில் விளம்பர நோக்கம் இருந்தது; அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்விளம்பரம் பலித்ததற்குக் காரணம், அதன் பின்னே விளம்பரம் கருதாத நீண்ட கொடையொன்று நின்றமையே.

விலையில்லாததை உலகம் மதியாது என்பாரும் உளர். இங்கு அது பொய்த்தது. பூட்டி வைத்திருந்தால் அந்த ஆக்கம் பழைய பெட்டிகளோடு மக்கியிருக்கும். தொடர்ச்சி கேட்போரும் இரார்.

எனினும் இவ்வழி எல்லோர்க்கும் ஏற்றதெனச் சொல்ல இயலாது. முதல் ஆக்கத்தையே இனித்தான் படைக்கவுள்ள இளைஞரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கின்றது? உரிமை முழுவதையும் வெளியீட்டாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர், கொடுக்க விரும்பினாலும் கொடுக்க இயலாதவர். பெயரை இழந்தபோதும் ஆக்கத்தின் உரிமையை இழவாமையாலேயே இவ்விருவரும் கொடையாளிகளாக முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் எழுத்தாளர் ஒவ்வொருவரும் ஒரு கணம் பேனாவை நிறுத்திச் சிந்திக்க வேண்டிய இடம் இது. உரியவன் என்ற நிலை விற்பதற்கு மட்டுமன்று, கொடுப்பதற்கும் வேண்டும்.

அடிமைப்பட்டதனால் பிறரை அடிமைப்படுத்தத் துணிந்த இனத்தின் கதையை எழுதியவர்கள், தாம் பட்ட நட்டத்தை எண்ணித் தம் ஆக்கத்தை மேலும் இறுகப் பூட்டியிருக்கலாம். அவர்கள் திறந்துவிட்டனர். திறந்த அவ்வாயிலின் வழியே வந்தவர்களே பின்னர் தாமாகப் பணம் கொணர்ந்தனர்.