சிறைக்குள்ளே கிடைத்த நிம்மதி

தோட்டம் கைமாறப் போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், லயத்தில் அன்றிரவு ஒருவருக்கும் தூக்கம் வராது. வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ, பிள்ளைகள் படிப்பு என்னாவது, கடைக்கடனை எப்படி அடைப்பது? "எல்லாம் ஆண்டவன் பார்த்துக்குவான்" என்பாள் பாட்டி. "ஆண்டவன் பார்த்துக்கிட்டா சங்கம் எதுக்கு?" என்பான் பேரன். இந்த இரண்டு பேச்சையும் நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜூலை 26-ஆம் தேதி புனித அன்னம்மாள் திருநாளுக்கு புக்கிட் மெர்தாஜாமில் மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களா? பிற மதத்தாரும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது மனநிம்மதி. அதைப்பற்றிக் கிறிஸ்தவ வேதம் சொல்லும் ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். பாட்டிக்கும் பேரனுக்கும் அதில் பதில் இருக்கிறது.

பவுல் என்பவர் கூடாரம் செய்யும் தொழிலாளி. பழைய கத்தோலிக்கர்கள் இவரைச் சின்னப்பர் என்பார்கள். கி.பி. 50-ஆம் ஆண்டை ஒட்டி, சீலா என்ற தோழரோடு மக்கெதோனியா நாட்டின் பிலிப்பி பட்டணத்துக்கு வந்தார். அங்கே ஓர் அடிமைப் பெண்ணைக் குறி சொல்ல வைத்து அவளுடைய எஜமானர்கள் காசு பார்த்து வந்தார்கள். பவுல் அவளைப் பிடித்திருந்த ஆவியை விரட்டினார். பெண் பிழைத்தாள், எஜமானர்களின் வரும்படி போயிற்று. சும்மா விடுவார்களா? இருவரையும் சந்தைவெளிக்கு இழுத்துப் போனார்கள். விசாரணை இல்லை, எல்லார் முன்னாலும் பிரம்படி. பிறகு உள்சிறையில் தள்ளி, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள்.

அந்த நடுச்சாமத்தில் அவர்கள் கடவுளைப் பாடித் துதித்தார்களாம்! பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைக்காவலன் தன்னையே வெட்டிக்கொள்ளப் போனான். நாங்கள் யாரும் ஓடவில்லை என்று பவுல் கூவித் தடுத்தார். பயத்தில் ஓடுகிறவனுக்கு அடுத்தவன் உயிர் கண்ணில் படுமா?

விடிந்ததும் அதிகாரிகள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று சேவகர்களிடம் சொல்லியனுப்பினார்கள். பவுல் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறவில்லை. விசாரிக்காமல் ரோமக் குடிமக்களை அடித்தீர்கள், இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, நீங்களே வந்து எங்களை வெளியே அழைத்துப் போங்கள் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சினார்கள்.

பேரனே, கவனித்தாயா? ராத்திரி ஜெபம் செய்தவர்தான் காலையில் நியாயமும் கேட்டார்.

பின்னாளில் இன்னொரு சிறையிலிருந்து பவுல் அதே பிலிப்பி மக்களுக்குக் கடிதம் எழுதினார். கவலையை மனசில் அடைத்து வைக்காமல் நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள், அறிவுக்கு எட்டாத சமாதானம் உங்கள் நெஞ்சைக் காக்கும் என்பது அதன் நாலாம் அதிகாரத்தில் வரும் கருத்து. 'காக்கும்' என்பதற்கு அவர் போட்ட கிரேக்கச் சொல், படைவீரர் நின்று காவல் காப்பதைக் குறிக்கும். காவல் இருக்கிறது என்றால் எதிரியும் இருக்கிறான் என்றுதானே பொருள்? நம்பினால் கஷ்டமே வராது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து நோயில் சாகக் கிடந்தபோது அவரும் கலங்கினார். அதை ஒளிக்காமல் எழுதினார். பாட்டி சொன்ன நம்பிக்கை இதுதான். அது கல்நெஞ்சு அல்ல.

இது நமக்கு எதற்கு? மனம் கலங்கியவன் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவான். கவலையை மறக்கச் சம்சுவைத் தேடுவான், பெண்டாட்டி மேல் கைநீட்டுவான். மனம் அமைதியானவன், "ஐயா, இதைப் படித்துப் பார்த்து நாளைக்குச் சொல்கிறோம்" என்பான்.

ஆகவே தோழர்களே, ராத்திரி உங்கள் பாரத்தை ஆண்டவனிடம் இறக்கி வையுங்கள். நன்றாகத் தூங்குங்கள். காலையில் நாலு பேராகச் சேர்ந்து ஆபீஸுக்குப் போங்கள்.