முரளியின் மணிக்கட்டும் தோட்டத்துப் பிள்ளைகளும்

ஓஃப் ஸ்பின் விரல் வேலை என்பதுதான் முத்தையா முரளிதரன் வரும்வரை கிரிக்கெட்டின் பாடம். அவர் அதை மணிக்கட்டால் செய்தார். அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. மணிக்கட்டும் தோளும் மற்றவர்களைவிட அதிகமாகச் சுழலும். 1995 மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டெரல் ஹெயார் அவர் பந்தை எறிவதாகச் சொல்லி நோ போல் கொடுத்தார். வளைந்த கம்பியொன்றைச் சுழற்றுங்கள். ஒரு பக்கம் நின்று பார்ப்பவருக்கு வளைவு விரிந்து சுருங்குவதுபோலத் தெரியும். முரளியின் கையிலும் நடந்தது இதுதான் என்று, 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கமரா வைத்து அளந்தவர்கள் கண்டார்கள். 2004இல் முழங்கை அசையாதபடி உலோகக் கம்பி வைத்த கவசம் பூட்டிக்கொண்டு வீசியும் காட்டினார். பந்து அப்போதும் திரும்பியது. அவருக்காகவே 2005இல் முழங்கை 15 பாகை வரை நிமிர அனுமதித்தார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. மறுபக்கம் திரும்பும் அவருடைய 'தூஸ்ரா' பந்து அன்றைய எல்லையை மீறியது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கமராக்கள், நேரான கை என்று நம்பப்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களின் முழங்கையும் வீசும்போது சில பாகை நிமிர்வதைக் காட்டிவிட்டன. கண்ணை நம்பி எழுதிய விதி, அளவுகோல் வந்ததும் மாறியது.

இப்படியொரு கை இருந்தால் 133 டெஸ்டில் 800 விக்கெட் தானாக வந்துவிடுமா? கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். 14 வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. முரளியின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்தவர். தகப்பனோ கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். முரளியை உருவாக்கியது தோட்டத்து லயமல்ல, நகரத்துப் பாடசாலை மைதானம். ஊவாவின் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்துப் பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் டெனிஸ் பந்தில். அதில் தையல் விளிம்பு கிடையாது. லெதர் பந்தின் தையல் நிலத்தைக் கடிக்கும்போதுதான் மணிக்கட்டின் திருகல் முழுதாக வெளிப்படும். அது இல்லாத இடத்தில் அபூர்வமான மணிக்கட்டு இருந்தாலும் யாருக்குத் தெரியும்?

திறமை எப்படியும் வெளியே வரும் என்பார்கள். முரளியின் திறமையே இன்னொருவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே வந்தது. மலைச்சரிவில் மைதானத்துக்கு எங்கே இடம் என்பது அடுத்த கேள்வி. சுழற்பந்துப் பயிற்சிக்கு முழு மைதானம் வேண்டாம். 22 யார் சீமெந்துத் தரையும், பாயும், வலையும் போதும். ஊவாவின் கல்வி அதிகாரிகளும் தோட்டக் கம்பெனிகளும் பாடசாலைக்கு ஒன்றாக அதைப் போட்டுக் கொடுக்கட்டும். கூடவே, பிள்ளைகளின் கையைப் பார்க்கத் தெரிந்த ஒரு பயிற்றுவிப்பாளரையும் அனுப்பட்டும்.