வெப்பக்காற்றுப் பலூனும் விடியற்காலையும்

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோர ஊரான மாம்புரியில், தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமையை நம்பி 2010ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் இயங்கிவருகின்றன. காற்றாலையைச் சுழற்றும் இத்தகைய வேகமான காற்று வெப்பக்காற்றுப் பலூனுக்கு ஆகாது. இலங்கையில் பலூன் பயணங்கள் பெரும்பாலும் உள்நாட்டுத் தம்புள்ளை, சீகிரியாப் பகுதிகளில், நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களிலேயே நடைபெறுகின்றன.

நைலான் துணியாலான உறைக்குள் விசிறியால் காற்று நிரப்பப்பட்டு, புரொப்பேன் வாயுவை எரிக்கும் எரிகலனால் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்படும்போது, விரிந்து அடர்த்தி குறைந்த அக்காற்றை வெளியிலுள்ள கனத்த காற்று மேலே தள்ளுவதால், பலூன் கூடையையும் பயணிகளையும் சுமந்து எழுகிறது. பலூனுக்குச் சுக்கான் இல்லாமையால், உயரத்துக்கு உயரம் திசை மாறும் காற்றோட்டங்களைத் தேடி ஏறியும் இறங்கியுமே ஓட்டுநர் அதன் போக்கை மாற்றுகிறார்.

வெயில் ஏறியதும் சூடான தரையிலிருந்து எழும் வெப்ப எழுகாற்று பலூனைக் கட்டுப்பாடின்றி அலைக்கழிக்கும். விடியற்காலையிலோ காற்று அடங்கியிருப்பதோடு, வெளிக்காற்றின் குளிர்ச்சியால் தூக்குவிசையும் கூடுகிறது. இக்காரணங்களாலேயே 2015 முதல் பொங்கலையொட்டிப் பொள்ளாச்சியில் நடைபெற்றுவரும் தமிழ்நாடு சர்வதேச பலூன் திருவிழாவிலும், 1972இல் தொடங்கிய அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி விழாவிலும் பலூன்கள் காலையில் பறக்கவிடப்படுகின்றன. மாலையில் அவை தரையில் நிறுத்தப்பட்டு, எரிகலச் சுடரால் உள்ளிருந்து ஒளியூட்டப்படுவதும் உண்டு. எனவே விழாவை முழுமையாகக் காண விரும்புவோர், உறைகள் விரிக்கப்படும் வைகறைப் பொழுதிலேயே திடலை அடைவது நன்று.